மாமா பெட்டியில ஒரு புத்தகத்துக்குத் தான் எடம்: எந்த சீரியலோட மிச்சக் கதைய வாங்குறது?

மாமா அடுத்த வாரம் இந்தியா போறார். மெட்ராஸ்ல எறங்கி கூடலூர் போயி சின்னத் தாத்தா குடும்பத்த பாத்துட்டு ஒரு பத்து நாள்ல திரும்பிருவார். "புத்தகம் கித்தகம் வேணும்னா சொல்லு, கூடலூர் அட்ரஸுக்கு ஓடர் போட்டுக்க, ஆனா ஒண்ணே ஒண்ணு தான், ஒங்க அத்தை குடுத்த லிஸ்டுக்கே பெட்டி பத்தாது"ன்னு சொல்லிட்டார். ஹட்டன்ல இந்த மாதிரி புத்தகம் கெடைக்காது, கொழும்புல தேடுனா எப்பவாச்சும் ஒண்ணு கெடைக்கும், வெலைய பாத்தா திருப்பி ராக்கையிலயே வச்சிட்டு வந்துரணும். ஒருக்கா ஒன்லைன்ல ஓடர் போட்டு மூணு பாகக் கதையில ரெண்டாம் பாகம் மட்டும் வந்து சேந்துச்சு, அந்தக் கடை பேர் எதுக்கு, அந்த ரெண்டாம் பாகம் இன்னும் அலுமாரிக்கு மேல தூசி தின்னுகிட்டு கெடக்கு. அதனால இந்த ஒரு சான்ஸ விடக்கூடாதுன்னு வீட்ல ஒரு வாரமா பேச்சு.

வேணும்ங்கிறது என்னான்னா, முடிஞ்சு போன டிவி சீரியலுக்கு அப்புறம் என்னா நடந்துச்சுன்னு கம்பனியே அதிகாரப்பூர்வமா போடுற காமிக்ஸ். எங்க வீட்ல மூணு கட்சி. நான் பஃபி கட்சி, வம்பயருங்கள வேட்டையாடுற பொண்ணோட கதை. அக்காவ கட்டின மச்சான் எக்ஸ் ஃபைல்ஸ், வெளக்கம் சொல்ல ஏலாத மர்மக் கேசுங்கள தேடிப் போற எஃப்பிஐ ஆளுங்க கதை. சித்தி மக, என் தங்கச்சி, ஏஎல் படிக்கிறா, அவ அவதார் தி லாஸ்ட் ஏர்பெண்டர்ர நாலு தடவ பாத்து முடிச்சவ. நாலாவதா அம்மாவோட கட்சி ஒண்ணு இருக்கு: "முடிஞ்ச கதைய எதுக்குடா தோண்டுறீங்க, அந்தக் காசுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிட்டு வரச் சொல்லு." இத சிரிச்சு தள்ளிற ஏலாது, ஏன்னா உலகம் பூரா இந்த காமிக்ஸ்கள பத்தி ரசிகருங்க போட்ட சண்டைய எல்லாம் வாசிச்சா பாதிப் பேரு கடைசில அம்மா சொன்ன எடத்துல தான் வந்து நிக்கிறாங்க. (கத தெரியக்கூடாதுன்னு இருக்கிறவங்க இதோட நிப்பாட்டிக்குங்க, நான் எல்லாத்தையும் போட்டு ஒடைக்கப் போறேன்.)

மொதல்ல ஒரு விசயம். எங்க பக்கம் மாசி மாசம் காமன் கூத்து போடுவாங்க. செவன் நெத்திக்கண்ண தொறந்து மன்மதன எரிப்பாரு, ரதி அழுவா, அம்மாயியும் சேந்து அழும், வருசா வருசம் என்னா நடக்கப்போகுதுன்னு தெரிஞ்சும் அழும். ஆனா கீழ் டிவிசன்ல பாடுற பாட்டும் மேல் டிவிசன்ல பாடுற பாட்டும் ஒண்ணா இருக்காது, "அது எங்க வாத்தியார் பாட்டு இல்ல"ன்னு பெருசுங்க மூஞ்சிய திருப்பிக்கும். சீரியல் ரசிகருங்க கேனன் கேனன்னு அடிச்சிக்கிறது இதே தான், எது கணக்குல சேந்த கதை, எது சேராததுன்னு. சீரியல எழுதுன ஆளே காமிக்ஸையும் எழுதுனா வாத்தியார் பாட்டு, பிரச்சினையே இல்லைன்னு தான் நானும் நெனச்சேன். பஃபி கதைய கேளுங்க.

பஃபி டிவில 1997லேர்ந்து 2003 வரைக்கும் ஓடுச்சு, ஏழு சீசன், 144 எபிசோட். முடிஞ்சு நாலு வருசம் கழிச்சு 2007 மார்ச்ல டார்க் ஹார்ஸ் கம்பனி அத எட்டாவது சீசன்னே பேர் போட்டு காமிக்ஸா விட்டாங்க. எழுத வந்தவர் வேற யாருமில்ல, சீரியல உருவாக்கின ஜாஸ் வீடனே தான், மொதல் கதைய அவரே எழுதினாரு, மிச்சத்துக்கு அவரு மேற்பார்வை, படம் பெரும்பாலும் ஜார்ஜஸ் ஜாண்டி. வாத்தியாரே நேர்ல வந்து பாடுறாரு, இதுக்கு மேல என்னா வேணும்? 2008ல புது தொடருக்கான ஐஸ்னர் விருது கூட கெடச்சுச்சு. மொத ஆறேழு இதழ் வாசிச்சப்ப எனக்கு சீரியல் திரும்பி வந்த மாதிரியே இருந்துச்சு, அந்த ஆளுங்க பேசுற நக்கல் அப்பிடியே காதுல கேட்டுச்சு.

அப்புறம் தான் மெல்ல மெல்ல கை மீறிப் போச்சு. டிவில பஃபி ஒரு சின்ன ஊரு பொண்ணு, சுடுகாட்டுல நாலு வம்பயர அடிச்சிட்டு விடிஞ்சா ஸ்கூலுக்கோ வேலைக்கோ போகணும், பர்கர் கடையில கூட வேல செஞ்சா, தண்ணிக்குழாய் ஒடைஞ்சா ரிப்பேருக்குக் காசு இருக்காது. காமிக்ஸ்ல அவ ஸ்காட்லாந்துல ஒரு கோட்டையில, கீழ ஒரு பெரும்படை. தங்கச்சி டான் ராட்சசியா வளந்து நிக்கிறா, அப்புறம் பாதி குதிரையாகுறா, அப்புறம் பொம்மையாகுறா. ஸ்பைக்குன்னு ஒரு வம்பயர், பூச்சிங்க ஓட்டுற ஒரு கப்பல்ல வானத்துலேர்ந்து வந்து எறங்குறான். முகமூடி போட்ட வில்லன் யாருன்னு மூணு வருசம் இழுத்து கடைசில பாத்தா ஏஞ்சல். பஃபியோட பழைய காதலன் ஏஞ்சல்! அந்த விசயம் இதழ் வர்றதுக்கு முந்தியே கசிஞ்சு ரசிகருங்க கொதிச்சு போயிட்டாங்க, அது பத்தாதுன்னு 34ஆவது இதழ்ல பஃபியும் ஏஞ்சலும் வானத்துல பறந்துகிட்டே சேர்ற சீன், அதனால ஒரு புது உலகமே பொறக்குதுன்னு வெளக்கம். 39ஆவது இதழ்ல பஃபியோட குரு ஜைல்ஸ் சாவு, அதுவும் ஏஞ்சல் கையால, அவன் தன் வசத்துல இல்லாத நேரத்துல. நாப்பதாவது இதழோட 2011 ஜனவரில முடிஞ்சப்ப வாத்தியாரே கடைசிப் பக்கத்துல கடிதம் எழுதி, அடுத்த சீசன்ல கொஞ்சம் தரைக்கு எறங்கி வர்றோம்ங்கிற மாதிரி சொல்ல வேண்டியதா போச்சு.

இது ஏன் இப்பிடி ஆச்சுன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். எழுத்து மோசம்னு சொல்லிற ஏலாது, அதே ஆள் தான். எனக்கு வெளங்கினது இது தான்: டிவில காசு இல்ல. ராட்சசிய காட்ட காசு இல்ல, கோட்டைய காட்ட காசு இல்ல, அதனால கதை ஒரு வீட்டு ஹோலுக்குள்ளயும் ஸ்கூல் லைப்ரரிக்குள்ளயும் அடங்கி நின்னுச்சு, அந்த அடக்கம் தான் நமக்கு புடிச்சதே. பேப்பர்ல படம் போடுறதுக்கு ராட்சசியும் ஒரே காசு ரெண்டு பேர் ஒக்காந்து டீ குடிக்கிறதும் ஒரே காசு. தேயிலை செடிய பாருங்க. அது இடுப்பளவு நிக்கிறது அதோட கொணமில்ல, நம்ம ஆளுங்க நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா கவ்வாத்து வெட்டுறதால நிக்கிது, விட்டா மரமா வளந்துரும், கைவிட்ட மலையில போயி பாத்தீங்கன்னா தெரியும், தேயிலை மரம் நிக்கும், கொழுந்து எட்டாது. பஃபி எட்டாவது சீசன் அந்த கைவிட்ட மலை தான். வளந்திருக்கு, பாக்க பிரமாண்டமா இருக்கு, ஆனா பறிக்க ஏலாது.

இதுல வேடிக்க என்னான்னா அதே கம்பனி அது முடிஞ்ச கையோட ஏஞ்சல் அண்ட் ஃபெய்த்னு ஒரு பக்கத் தொடர் விட்டுச்சு, 2011லேர்ந்து 25 இதழ். கிறிஸ்டோஸ் கேஜ் எழுத்து, ரெபெக்கா ஐசக்ஸ் படம், ரெண்டு பேருமே சீரியல்ல வேல செஞ்சவங்க இல்ல. லண்டன்ல ஒரு வீடு, பாவம் செஞ்ச ரெண்டு பேரு, செத்த ஜைல்ஸ எப்பிடியாச்சும் திருப்பி கொண்டாரணும்னு ஒரு நோக்கம், அவ்வளவு தான் கதை. ஜைல்ஸ் திரும்பி வந்தாரு, ஆனா பன்னெண்டு வயசுப் பையனா வந்தாரு, அதையே ரசிகருங்க சிரிச்சிகிட்டு ஏத்துக்கிட்டாங்க! வானத்துல பறந்தத ஏத்துக்காத அதே ஆளுங்க. அந்த எட்டாவது சீசன் மேல கடுப்பாயி போன நெறைய பேர திருப்பி இழுத்துட்டு வந்தது இந்தத் தொடர் தான்னு சொல்லுவாங்க, நானும் அதுல ஒருத்தன். சண்டைக்குப் பின்னால எப்பவும் ரெண்டு பேருக்கு நடுவுல உள்ள கோவமோ மனஸ்தாபமோ நிக்கிற மாதிரி எழுதியிருப்பாங்க. ஆனா எட்டாவது சீசன வாசிக்காம இத வாசிச்சா தலையும் புரியாது வாலும் புரியாது, எட்டாவது சீசனோ எட்டு தொகுப்பு. மாமா பெட்டியில எட்டு தொகுப்புன்னா அத்தை என்னைய கவ்வாத்து வெட்டிரும். பஃபி போச்சு. என் கட்சிய நானே தோக்கடிச்சிட்டேன்.

மச்சானோட எக்ஸ் ஃபைல்ஸ் வேற மாதிரி சோகம். சீரியல் 1993லேர்ந்து 2002 வரைக்கும் 202 எபிசோட். 2013ல ஐடிடபிள்யூ கம்பனி பத்தாவது சீசன்னு காமிக்ஸ் ஆரம்பிச்சாங்க, எழுதினது ஜோ ஹாரிஸ், நிர்வாகத் தயாரிப்பாளர்னு சீரியல உருவாக்கின கிறிஸ் கார்ட்டர் பேரையே போட்டாங்க, இது தான் தொடர்ச்சின்னு எல்லாரும் நம்பினாங்க. கதாநாயகன் முல்டருக்கு ஒதவி செஞ்சு டிவில செத்துப் போன அந்த மூணு லோன் கன்மேன் ஆளுங்க உண்மையில சாகல, மறைஞ்சு வாழ்றாங்கன்னு கதை வச்சாங்க, ரசிகருங்களுக்கு அது பெரிய சந்தோசம். 25 இதழ் போச்சு, பதினோராவது சீசன்னு இன்னொரு எட்டு இதழ் வந்துச்சு. வந்துகிட்டு இருக்கும்போதே என்னா நடந்துச்சு? டிவி சீரியலே திரும்பி வந்துருச்சு. 2016 ஜனவரி. புது எபிசோடுங்கள்ல காமிக்ஸ்ல நடந்தது ஒண்ணு கூட கணக்குல இல்ல, அந்த மூணு பேரும் செத்தது செத்தது தான், முல்டரோட மயக்கத்துல ஒரு நொடி வந்துட்டுப் போனாங்க. ரெண்டரை வருசம் காசு குடுத்து வாங்கினவன் நெலம என்னா? பத்து வருசம் இருந்து திருத்தி பூசி முன்னுக்கு ஒரு சின்னத் தோட்டமும் போட்ட லயத்துக் காம்பராவ, இது ஒங்க பேர்ல இல்லைன்னு சொன்ன மாதிரி.

மச்சான் இத ஏத்துக்க மாட்டார். "கணக்குல இல்லாட்டி என்னா, வாசிச்சப்ப நல்லா இருந்துச்சுல்ல"ம்பார். அதுலயும் ஞாயம் இருக்கு, ஜோ ஹாரிஸ் ஒன்னும் மோசமா எழுதல. சாமுராய் ஜாக் கார்ட்டூன் ரசிகருங்களும் இதே மாதிரி தான் சொன்னாங்க, 2013லேர்ந்து 2015 வரைக்கும் இருவது இதழ் வந்த காமிக்ஸ 2017ல டிவி ஐந்தாவது சீசன் வந்து ஓரமா தள்ளிருச்சு, ஆனா ரெண்டையும் வச்சிக்கிட்டவங்க நெறைய. இருந்தாலும் மாமா பெட்டியில உள்ள ஒரே எடத்துக்கு, வாசிச்சு முடிச்சதும் 'இது நடக்கல'ன்னு ஆகிப்போற கதையவா போடுறது? நான் மச்சான்கிட்ட கேட்டேன், மச்சான் நீங்களே சொல்லுங்கன்னு. அவர் சாயத்தண்ணிய ஊதி ஊதி குடிச்சார், பதில் வரல.

அதே வீடனோட விண்வெளி சீரியல் ஃபயர்ஃப்ளைய சீக்கிரம் முடிச்சிர்றேன். 2002ல பதினாலே எபிசோட், அதுலயும் பதினொண்ணத் தான் ஃபொக்ஸ் அப்ப போட்டுச்சு, 2005ல ஒரு படம். அவ்வளவு கொஞ்சமா கெடச்ச சீரியலுக்கு ரசிகருங்க என்னா குடுத்தாலும் வாங்குவாங்க, பசிச்சவனுக்கு ரொட்டியில உப்பு கம்மின்னு தெரியாது. அதுல வர்ற பாதிரியார் ஷெப்பர்ட் புக் உண்மையில யாருங்கிற மர்மத்துக்கு 2010ல ஒரு தனி புத்தகம் வந்துச்சு, பின்னாலேர்ந்து முன்னால போற கதை, கிறிஸ் சாம்னி படம் அருமை, ஆனா இத்தன வருசம் காத்திருந்த ரகசியம் இவ்வளவு சின்ன புத்தகத்துல முடிஞ்சிருச்சேன்னு பல பேருக்கு வருத்தம். பாரம் கம்மி, அது ஒண்ணு தான் மாமாவுக்குப் புடிக்கும்.

இப்ப அவதார். இங்க தான் எனக்கு தூக்கம் போனது.

நிக்கலோடியன்ல 2005லேர்ந்து 2008 வரைக்கும் 61 எபிசோட். தண்ணி, மண், தீ, காத்துன்னு நாலையும் ஆட்டி வைக்கிற வித்தை தெரிஞ்ச ஆங்ங்கிற பையன், உலகத்தப் புடிக்க வந்த தீ நாட்டு ராஜா ஒசாய எப்பிடி அடக்குறான்ங்கிற கதை. சின்னப் புள்ளைங்க கார்ட்டூன்னு நெனச்சு மச்சான் பென் டிரைவ்ல கொண்டு வந்து தங்கச்சிக்கு போட்டார், கடைசில வீடே ஒக்காந்து பாத்துச்சு. 2012லேர்ந்து டார்க் ஹார்ஸ் இதுக்கு காமிக்ஸ் போடுது, மொத கதைங்க ஒவ்வொண்ணும் மூணு மூணு பாகம், பின்ன மூணையும் சேத்து பெரிய சைஸ்ல கெட்டி அட்டை போட்ட ஒரே புத்தகம், பின்னட்டையில 39.99 டொலர். மொத அஞ்சு கதைய எழுதினவர் ஜீன் லுயென் யாங், அமெரிக்காவுல உள்ள சீன வம்சாவளி காமிக்ஸ்காரர். இவர் வந்த வழி தான் எனக்கு ரொம்ப புடிச்சது. 2010ல ஹொலிவுட்ல இந்தக் கதைய படமா எடுத்தப்ப ஆசிய மூஞ்சிங்க இருக்க வேண்டிய எடத்துல வெள்ளைக்காரப் புள்ளைங்கள போட்டாங்கன்னு பெரிய எதிர்ப்பு, யாங் அந்தப் படத்தப் புறக்கணிங்கன்னு ஒரு காமிக்ஸே வரைஞ்சு போட்டார். அத பாத்துட்டு தான் டார்க் ஹார்ஸ் அவர கூப்பிட்டுச்சு. கோபப்பட்ட ரசிகன்கிட்டயே பேனாவ குடுத்துட்டாங்க. படம் வரையிறது குரிஹிருங்கிற ஜப்பான்கார ரெண்டு பேர் ஜோடி, அவங்க கோடு அப்பிடியே டிவில பாத்த மூஞ்சி. இதுலயே பாதி ரசிகர் சமாதானம் ஆகிட்டாங்க, ஏன்னா சில தொடர்ச்சி காமிக்ஸ்ல நடிகர் மூஞ்சி ஒரு பக்கத்துல ஒரு மாதிரி அடுத்த பக்கத்துல வேற ஆள் மாதிரி இருக்கும்.

எடம் ஒண்ணு தான்னு சொன்னேன்ல, அவதார்லயே ரெண்டுல ஒண்ண எடுக்கணும். மொத கதை தி ப்ராமிஸ், ரெண்டாவது தி சேர்ச்.

ப்ராமிஸ் சண்டை முடிஞ்ச கையோட தொடங்குது. தீ நாட்டுக்காரங்க நூறு வருசமா மண் நாட்டுல போயி குடியேறின ஊருங்க இருக்கு, எல்லாரையும் அவங்க அவங்க நாட்டுக்கே திருப்பி அனுப்பிரணும்னு ஆங்கும், ஒசாய்க்கு அப்புறம் தீ நாட்ட ஆள வந்த அவன் மகன் சுக்கோவும், மண் நாட்டு ராஜாவும் சேந்து முடிவெடுக்கிறாங்க, கேக்க நல்லா தான் இருக்கு. ஆனா யூ டாவோங்கிற ஊருல போயி பாத்தா கோரின்னு ஒரு பொண்ணு, அப்பா தீ நாடு, அம்மா மண் நாடு, அவளுக்கு வர்றது மண் வித்தை, ஆனா பதிவு தீ நாட்டுப் பிரஜைன்னு. இவள எங்க அனுப்புவீங்க? இத வாசிச்சிட்டு நான் புத்தகத்த மூடி வச்சிட்டு வெளிய போயி நின்னேன். நம்ம ஆளுங்க 1948ல பிரஜாவுரிமை போயி, 1964ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல ரெண்டு பிரதமருங்க ஒக்காந்து 5,25,000 பேர் அங்க, 3,00,000 பேர் இங்க, மிச்சம் 1,50,000 பேர பொறகு பாத்துக்கலாம்னு பங்கு பிரிச்சாங்களே, யார கேட்டு பிரிச்சாங்க? எங்க தாத்தா இங்க நின்னுட்டார், அவர் தம்பி குடும்பத்தோட தலைமன்னார் போயி கப்பல் ஏறினார். இப்ப மாமா பாக்கப் போற கூடலூர் குடும்பம் அது தான், அங்கயும் தேயிலையே தான் பறிக்கிறாங்க. ஒரு வித்தியாசத்த சொல்லிரணும், யூ டாவோக்காரங்க ஆள வந்தவங்க, நம்ம ஆளுங்க கூலிக்கு வந்தவங்க, அத மறந்துட்டு ரெண்டும் ஒண்ணுன்னா அது பொய். ஆனா "நான் பொறந்தது இங்க, என்னைய எங்க திருப்பி அனுப்புறீங்க"ங்கிற கேள்வி ஒரே கேள்வி தான்.

ரசிகருங்க இந்தப் புத்தகத்துல எதுக்கு கோவப்பட்டாங்கன்னு பாத்தா சிரிப்பு வரும். ஆங்கும் அவன் காதலி கட்டாராவும் ஒருத்தர ஒருத்தர் 'ஸ்வீட்டி' 'ஸ்வீட்டி'ன்னு பக்கத்துக்குப் பக்கம் கூப்பிட்டுக்கிறது, அதுக்கு விழுந்த கேலி கொஞ்ச நஞ்சமில்ல. இன்னொண்ணு நெசமான கொற: கடைசி எபிசோட்ல ஒசாயவே கொல்ல மாட்டேன்னு நின்ன பையன், இங்க சுக்கோ கெட்டவனா மாறிட்டா நானே அவன கொல்றேன்னு வாக்கு குடுக்கிறான். புத்தகத்துப் பேரே அந்த வாக்கு தான். 61 எபிசோட் பாத்தவன் இத எப்பிடி நம்புவான்? அந்த வாக்க எடுத்துட்டு ஊர் பிரச்சினைய மட்டும் வச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்ங்கிறது என் கணக்கு. இருந்தாலும் என் ஓட்டு ப்ராமிஸுக்குத் தான்னு முடிவு பண்ணியிருந்தேன், அந்த ஊரு கதைக்காகவே.

தி சேர்ச் வேணும்னது தங்கச்சி. டிவியோட கடைசி எபிசோட்ல சுக்கோ ஜெயிலுக்குப் போயி அப்பன்கிட்ட ஒரே கேள்வி கேப்பான், எங்க அம்மா எங்கன்னு. பதில் காட்டாமயே சீன வெட்டிருவாங்க. 2008 ஜூலையில கேட்ட கேள்வி, பதில் புத்தகமா வந்தது 2013ல. அஞ்சு வருசம் உலகம் பூரா ரசிகருங்க ஆளுக்கொரு பதில் கட்டி வச்சிருந்தாங்க, அதுக்கு மேல யாரு என்னா எழுதினாலும் கொஞ்சப் பேருக்கு ஏமாத்தமாத்தான் இருக்கும். யாங் எழுதின பதில் இது: அம்மா உர்சா உசிரோட தான் இருக்கா. ஆனா அரண்மனையவிட்டு தொரத்தினதுக்கப்புறம் சொந்த ஊருக்குப் போயி, மூஞ்சிய மாத்தித் தர்ற ஒரு தெய்வத்துக்கிட்ட வேற மூஞ்சி வாங்கிக்கிட்டா, புள்ளைங்கள நெனச்சு நெனச்சு சாக ஏலாதுன்னு பழைய ஞாபகத்தையும் அழிச்சிக்கிட்டா. இப்ப அவ பேரு நொரிக்கோ, புருசன் இருக்கான், கியின்னு ஒரு சின்னப் பொண்ணு இருக்கா. சுக்கோ அவள தேடி வந்து முன்னால நின்னப்ப அவளுக்கு அவன யாருன்னே தெரியல.

ரசிகருங்க ரெண்டா பொளந்தது இங்க தான். "பெத்த தாயி புள்ளைங்கள வேணும்னே மறப்பாளா, டிவில காட்டின உர்சா அப்பிடிப்பட்டவ இல்ல"ன்னு ஒரு பக்கம். "அந்த வீட்ல அவ பட்டதுக்கு மறக்காம இருந்தா பைத்தியம் தான் புடிச்சிருக்கும்"னு மறுபக்கம். அதுக்கு நடுவுல சுக்கோ ஒசாயோட மகனே இல்லைன்னு ஒரு கடிதம் கெளம்பி, அப்புறம் அது உர்சா வேணும்னே எழுதின பொய்யின்னு ஆகுது, அத மட்டும் எல்லாரும் ஒத்துமையா திட்டினாங்க, நானும் திட்டினேன், சும்மா மூணு பாகம் இழுக்குறதுக்கு வச்ச தூண்டில் அது. ஆனா பஃபில நான் சொன்ன கவ்வாத்து விசயம் இங்க சரியா நடந்திருக்கு. ஆவிங்க வருது, காடு வருது, சுக்கோவோட தங்கச்சி அசூலா மின்னல் விடுறா, எல்லாம் இருக்கு, இருந்தும் கதை ஒரு மகன், ஒரு மக, ஒரு அம்மாங்கிற வரப்ப விட்டு வெளிய போகவே இல்ல.

நான் இத ஒரு பிரெண்டோட டேப்ல ஏற்கனவே வாசிச்சிட்டேன், தங்கச்சிக்கு அது தெரியாது. அவ கேக்கும்போதெல்லாம் அது அவ்வளவு நல்லா இல்லையாம், ப்ராமிஸ் வாங்குவோம்னு பேச்ச மாத்திகிட்டே இருந்தேன். ஏன்னா சித்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனப்ப தங்கச்சிக்கு ஆறு வயசு. நாலு வருசம். அவள வளத்தது அம்மாயி. பக்கத்து லயத்துல எத்தனையோ புள்ளைங்க அப்பிடி வளந்தது தான், புதுசு ஒண்ணும் இல்ல, ஆனா சுக்கோ ஜெயில்ல நின்னு அந்தக் கேள்விய கேக்கிற சீன் வந்தா மட்டும் இவ ரிமோட்ட எடுத்து திருப்பி போடுவா. நாலு தடவையும் பாத்திருக்கேன். அப்பிடிப்பட்டவகிட்ட, தேடிப் போன அம்மாவுக்கு மகன அடையாளம் தெரியலன்னு ஒரு புத்தகத்த எப்பிடி குடுக்கிறது?

போன புதன்கெழம ராத்திரி மழைக்கு கரண்ட் போச்சு. மெழுகுதிரி வெளிச்சத்துல அவ திரும்ப ஆரம்பிச்சா, அண்ணா நீ அத வாசிச்சிட்டேன்னு எனக்குத் தெரியும், ஒம் மூஞ்சிலயே தெரியுது, உள்ள என்னா இருக்குன்னு சொல்லுன்னு. சரின்னு முழுசா சொல்லிட்டேன். மூஞ்சி மாத்தினது, ஞாபகம் அழிச்சது எல்லாம்.

"வேணும்னே மறந்தாங்களா?"

"வேணும்னே தான்."

"திரும்ப ஞாபகம் வந்துச்சா?"

"வந்துச்சு. கடைசில. மன்னிப்பு கேப்பாங்க."

கொஞ்ச நேரம் மெழுக வழிச்சு உருட்டிகிட்டு இருந்தா. அப்புறம் சொன்னா, "அம்மா ஏர்போர்ட்லேர்ந்து வந்த அன்னைக்கு நான் அம்மாயி பின்னால போயி ஒளிஞ்சிகிட்டேன், ஒனக்கு ஞாபகம் இருக்கா? எங்க வீட்ல மறந்தது நான் தான்." குசினிக்குள்ள சித்தி ரொட்டி தட்டுற சத்தம் ஒரு நிமிசம் நின்னுட்டு மறுபடி கேட்டுச்சு.

அதுக்கு மேல பேச என்னா இருக்கு. மச்சான் கூட ஒன்னும் சொல்லல. அடுத்த நாள் காலையில கூடலூர் அட்ரஸுக்கு சேர்ச் ஓடர் போட்டாச்சு, மூணு பாகமும் சேந்த பெரிய அட்டை, ரெண்டாம் பாகம் மட்டும் வந்துற கூடாதுன்னு பேர மூணு தடவ சரி பாத்தேன். மாமாவுக்கு வாட்ஸப்ல வெவரம் அனுப்பினேன். மாமா ஒரு காலத்துல சிவகாசி முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் ட்ரங்குப் பெட்டி நெறய சேத்து வச்சிருந்த ஆள், காமிக்ஸ்னா அவருக்கு இரும்புக்கை மாயாவி தான், மிச்சதெல்லாம் பொம்மைப் புத்தகம்.

பத்து நிமிசம் கழிச்சு பதில் வந்துச்சு. "சரிடா. எத்தன கிலோ இருக்கும்? மாயாவி பழசு கெடச்சா எனக்கும் ஒண்ணு வாங்கணும், அத்தைகிட்ட சொல்லாத."